பத்து மதிப்பெண் வினா

ஹோர்முஸ் நீரிணையைச் சொல்லித்தர
எனக்கு முள்ளுவாடி கேட் போதுமாயிருந்தது.
பாலம் வருவதற்கு முந்தைய கேட்.
அடைத்துவிட்டால் ஆம்புலன்சும் நிற்கும், மாப்பிள்ளை காரும் நிற்கும்.
திறந்ததும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நுழைந்து
ஒருவரும் நகர முடியாது.
"அந்தக் கேட்டின் சாவி ஒரே ஒருவர் கையில் இருந்தால்?"
கடைசி பெஞ்சு நிமிர்ந்தது.

மாலை நேரக் கல்லூரி, அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு.
வணிகவியல் கிடைக்காமல் வந்தவர்கள் பாதிப் பேர்.
நான் கௌரவ விரிவுரையாளர்.
கௌரவம் மாதாமாதம்,
சம்பளம் வரும்போது.

மாதையன் பகலில் சிவதாபுரத்தில்
கொலுசுக்குச் சலங்கை மணி பற்றவைக்கிறான்.
ரேஷன் கடை இயந்திரத்துக்கு அவன் விரல் தெரியாது.
வெள்ளி விலை ஏறிய மாதம் பட்டறையில் வேலை இல்லை,
வகுப்புக்குத் தவறாமல் வந்தான்.
"வெலைய யாரு மேடம் வெக்கிறாங்க?"
லண்டனில், என்றேன்.
"அங்க யாரு கொலுசு போடறா?"
எல்லோரும் சிரித்தோம்.
இதற்கு விடை நான்காம் அலகில் இருக்கிறது.

நாகலூர் மலையரசி விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.
அவர்களுக்கு ஏற்காட்டு மேட்டில் அரை ஏக்கர் காப்பி.
"பிரேசில்ல பனி பேஞ்சு செடி கருகுனா
எங்கப்பா சந்தோசப்படுறாரு. அது தப்பா மேடம்?"
இதற்கு அலகே இல்லை.

அப்புறம் ஒருநாள் வகுப்பையே பொதுச்சபை ஆக்கினோம்.
ஆதரவும் எதிர்ப்பும் அவர்களுக்குத் தெரிந்தவை.
மூன்றாவதுதான் இழுத்தது:
விலகி நிற்றல்.
தூக்காத கையும் ஒரு கை என்றேன்.
"பயந்துகிட்டு சும்மா இருக்கறதுதானே அது?" என்றான் துளசிராம்.
இல்லை என்று சொல்லிப் பலகையில் எழுதினேன்,
எல்லோருக்கும் நாளையும் வேண்டியவராக இருக்க
இன்று வாய் திறவாதிருக்கும் கலை, என்று.
அன்றைக்கு என் கையெழுத்து அழகாக வந்திருந்தது.

தர்சிகா எழுந்தாள்.
முகாமில் பெயர் கூப்பிடும் நாளில் அவள் வருவதில்லை.
விடுப்புக் கடிதத்தில் காரணம் எழுதமாட்டாள், நானும் கேட்டதில்லை.
இங்கே கூப்பிட்டால் "உள்ளேன்" என்பாள்.
அங்கேயும் அதே சொல்தான் சொல்வாளாயிருக்கும்.
பிறந்தது சேலம் பெரியாஸ்பத்திரியில்.

"அகதிகள் ஒப்பந்தத்துல நம்ம நாடு கையெழுத்துப் போடலன்னு
போன வாரம் சொன்னீங்க."
ஆமாம்.
கொஞ்சம் நின்றாள்.
"நம்ம நாடுன்னு சொல்லிட்டேன். பரவால்லீங்களா மேடம்?"

மின்விசிறி டக் டக் என்றது.
முப்பது பேர் என் வாயைப் பார்த்தார்கள்.
பரவாயில்லை என்று ஒரு சொல்,
ஊரில் கால் மிதித்தவரிடம்கூடச் சொல்வது.
அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டா என்று
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
ஜூனில் புதுப்பிக்க வேண்டிய என் பணி ஆணையும்
எதற்கென்று தெரியாமல் நினைவுக்கு வந்தது.
மணி அடித்தது.
டஸ்டரை எடுத்து, அழகாக எழுதியதை அழித்தேன்.
அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்றேன்.
அடுத்த வகுப்பில் பஞ்சசீலம் நடத்தினேன்.

மாதிரித் தேர்வில் பத்து மதிப்பெண் வினா:
இந்திய வெளியுறவுக் கொள்கையின் அடிப்படைக் கூறுகளை விளக்குக.
மாதையன் முக்கால் பக்கம். நடுவில் முள்ளுவாடி கேட் வருகிறது.
மலையரசி, "நமது நாடு என்றும் அமைதியையே விரும்பும்."
துளசிராமும் அப்படித்தான், நமது, நாம், நம்.
தர்சிகா மூன்று பக்கம்.
ஸ்கேல் வைத்து அடிக்கோடு, ஆண்டு ஒன்றுகூடப் பிசகவில்லை.
முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை
"இந்தியா" என்றே எழுதியிருந்தாள்.

ஒன்பதரை போட்டேன்.

ஜங்ஷன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.
மூட்டையைப் பிரித்து அவள் தாளை மறுபடி எடுத்தேன்,
அந்த அரையை எதற்குப் பிடித்தேன் என்று பார்க்க.
தாளில் ஒரு தவறும் இல்லை.