நான்கு விரல்

யீஷூனில், எங்கள் புளோக்குக்குப் பின்னால்
இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம்,
முழங்கால் உயரம்.
மூன்று வருடம் என் பெயரில்.

குலுக்கலில் கிடைத்த அன்று
விரலை விட்டுப் பார்த்தேன். நகம் உடைந்தது.
மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.
எனக்கு முன்னால் இருந்தவர்
நீல உரத்தை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்.
அவசரக்காரர்.
நானும்தான். அந்த வாரமே கீரை விதைத்தேன்;
முளைத்தது, மஞ்சளானது, படுத்துவிட்டது.

பிறகு தட்டைப்பயறு தூவி
பூக்கும் முன்னே அறுத்து
அறுத்த இடத்திலேயே கிடத்தினேன். இரண்டு முறை.
"வாடகை கட்டி மண்ணா வளர்க்கிறாய்?"
பக்கத்துப் பாத்தி ரொக்கையா மலாயில் சிரித்தார்.
அவர் கத்தரி அப்போது இடுப்பளவு.
ஆமாம் என்றேன்,
எனக்குத் தெரிந்த மலாயில் அதற்குமேல் சொல்ல வராது.

காப்பிக்கடையில் ஒரு வாளி சக்கை, சூடு ஆறாமல்.
தௌ ஹுவே கடையில் சோயாச் சக்கை;
அதை மூட மறந்த இரவில்
பதினோராம் மாடிவரை மின்தூக்கி என்னைக் காட்டிக்கொடுத்தது.
விடியலில் பெருக்கும் ஷஃபிகுல்
தூங்குமூஞ்சி மரத்துச் சருகைக் கறுப்புப் பையில் கட்டி
எரிக்கப் போகும் வண்டிக்குத் தராமல்
என் பாத்தியோரம் வைத்துவிட்டுப் போவான்.
பேசிக்கொண்டதில்லை. வெண்டைக்காய் பிடிக்கும் அவனுக்கு,
தொங்கவிட்ட பை காலியாக இருக்கும்.

இவ்வளவு போட்டும்
டிசம்பர் மழை ஓய்ந்ததும் விளிம்பில் கை வைத்தால்
நான்கு விரல் இறங்கியிருக்கும்.
எங்கே போகிறது?
சட்டியில் கொஞ்சம் போயிருக்கும், சாக்கடையில் கொஞ்சம்.
மீதியைத் தின்றவை கீழே இருக்கின்றன,
சருகை நகர்த்தினால் வெளிச்சம் கூசி
உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மார்ச்சோடு தவணை முடிகிறது.
செடிகளை அகற்றி ஒப்படைக்கவும் என்கிறது கடிதம்.
மண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை.

நேற்றிரவு பன்னிரண்டு அரிசிச் சாக்கோடு இறங்கினேன்.
கொத்து எடுத்துப் போகவில்லை,
தேவைப்படவும் இல்லை:
கையை வைத்தேன், மணிக்கட்டுவரை போனது.
அப்படியே சற்று நேரம் இருந்தேன்.
கொசு கடித்தது.

காலையில் காப்பிச் சக்கை இரண்டு வாளி வாங்கி
விளிம்புவரை நிரப்பிவிட்டு வந்தேன்.
சாக்குகள் சமையலறையில் மடித்தபடி இருக்கின்றன.
வருகிறவர் நீல உரப்பையோடுதான் வருவார் என்றால்
வரட்டும்.
அதற்குள் ஒரு மழை பெய்தால்
நான்கு விரல் குறைந்திருக்கும்,
கை வைத்துப் பார்ப்பாரோ என்னவோ.