மூன்றாம் நாள் வீக்கம்

செவ்வாய் கழுத்தில் ஊசி.
வெள்ளி விரலால் தடவிப் பார்த்தார் டொக்டர்.
சுண்டைக்காய் அளவு வீக்கம்;
லில்லிக்குக் காசம்.

மரைகள்தான் பரப்புதாம், சுடணும் என்கிறார்கள்.
பாதை தெரியுமென்று என்னைக் கூப்பிட்டார்கள்,
ஆளுக்கு இரண்டாயிரம், சாப்பாடும்.

தெரியும்தான்.
பனி இறங்கியதும் கோவாப் பாத்திக்கு வரும்,
குட்டியை வேலிக்கு அந்தப்பக்கம் நிறுத்திவிட்டு.

ஆனால் லில்லி வந்தது லொறியில்,
பதினேழு மாடு, ஒரே தொட்டித் தண்ணீர்.
பரிசோதனைத் துண்டு கேட்டதற்குத் துரைசிங்கம் சிரித்தான்.
பட்டிப்பொலைத் தகரக் கொட்டிலுக்கு ஒரு ஜன்னல் வைக்க
மூன்று வருசமாய் எழுதிக் கொடுக்கிறேன்.

லொறியை யாரும் குறி பார்க்கவில்லை.

டோர்ச் என் கையில்,
பற்றரி என் சட்டைப் பையில்.
இருட்டில் ஏழு பேர் நிற்கிறோம்.
இருமல் கேட்டுத் துவக்கு திரும்புகிறது.
சுடாதீங்க,
இருமியது நான்.