பட்டாணிப் பொட்டலம்

பதினோரு வருஷத்துக்கு முன்
கால்மணி நேரத்தில் வெட்டிவிட்டார்கள்.
சேர்க்க மூன்றரை மணி நேரமாம்.

நான் வேலி போடுகிறவன்.
இன்வர்கார்கில் மழையில், கையுறையோடு,
அறுந்த கம்பியைப் பார்க்காமலே முறுக்கிவிடுவேன்.
டாக்டர் ஹெனாரே
நுண்ணோக்கியில் குனிந்து
முடியைவிட மெல்லிய நூலால் தைப்பாராம்.

“முதலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்போம்.
உயிரணு இருந்தால் நேர்வழி.
இல்லையென்றால் இன்னும் உள்ளே போய் இணைக்கணும்.
அதை உங்களை எழுப்பிக் கேட்க முடியாது.”

நிச்சயமா பிள்ளை பிறக்குமா என்றேன்.
வருஷம் கூடக்கூட வாய்ப்பு குறையும் என்று
பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்,
மறுபடி கழற்றினார்.

விழித்தபோது மார்னி
என் பூட்ஸை மடியில் வைத்திருந்தாள்,
எழுந்து ஓடிவிடுவேன் என்பதுபோல.

கத்தரிக்காய் நிறம். அந்த அளவும்தான்.
மூன்று வாரம் எதையும் தூக்கக்கூடாது.
வெளியே செம்மறிகளுக்கு ஈற்றுக்காலம்;
ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாக
எந்த டாக்டரையும் கேட்காமல்.
ஜன்னலோரம் கால் அகட்டிக் கிடந்தேன்,
உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை
துண்டில் சுற்றி, இடுக்கில் வைத்து.

சனிக்கிழமை டனீடினிலிருந்து ஃபிரேயா வந்தாள்,
முதல் கல்யாணத்து மகள்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
சமைக்கிறேன் என்று
ஃப்ரீசரைத் திறந்தவள்
உருளைக்கிழங்கோடு பட்டாணி வைத்தாள்.

மார்னி என்னைப் பார்த்தாள்.
நான் தட்டைப் பார்த்தேன்.
சாப்பிட்டோம்.

“ஏம்ப்பா சிரிக்கிறீங்க?”
சிரித்தால் தையல் இழுக்கிறது,
அதற்குமேல் சொல்ல வரவில்லை.

பரிசோதனைக்கு இன்னும் பத்து வாரம்.
மறுநாள் மார்னி புதுப் பொட்டலம் வாங்கிவந்தாள்.
மக்காச்சோளம்.