மற்றவை

ரீகா அருங்காட்சியக வாசலில்
மூன்று நாள், கையில் படிவத்தோடு நின்றேன்.
பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு
எல்லாமே 'மிக நன்று'.

நான்காம் நாள் சாலையைக் கடந்தேன்.
டிராமிலிருந்து இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்
ஓட்டுநர் விஸ்வால்டிஸ்.
"பதினோரு வருஷமாக இந்த நிறுத்தத்தின் பெயரை
மைக்கில் சொல்கிறேன்.
உள்ளே போனதில்லை."

ஏன்?

பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். பனி, உப்பு, சேறு.
"கண்ணாடிக் கதவுக்குள்
தரை ரொம்பப் பளபளக்கிறது."

கட்டணம், நேரம், தூரம், ஆர்வமின்மை:
என் கட்டங்களில் தரை இல்லை.
'மற்றவை'யில் எழுதிக்கொண்டேன்.

மாலை, இயக்குநர் வெல்ட்டா
அந்த வரியில் விரல் வைத்தபடி வெகுநேரம் இருந்தார்.
பிறகு, துடைப்பத்தில் சாய்ந்து நின்ற இங்கூனாவைக் கேட்டார்:
தரைக்கு மெழுகு எப்போதெல்லாம் போடுகிறீர்கள்?

"ஆள் வராத நாளில்
இரண்டு தடவை."