லெஃப்ட் ஷிஃப்ட்

சொஹார். இரவு இரண்டே கால்.
ஊதா மூடிக் குழாய் ஒன்று வந்து சேர்கிறது.
லேபிளில்: தணிகைவேல் வெள்ளையன், ஆண், 22.
இங்கே அப்பா பெயர்தான் கடைசியில் நிற்கும்.
அதனால் வார்டில் எல்லோருக்கும் அவன்
மிஸ்டர் வெள்ளையன்.
அப்பா போய் ஆறு வருஷம் என்பது
பிறகுதான் தெரிந்தது.

மெஷின் சொன்னது: இருபத்தாறாயிரத்து நானூறு.
நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் வரை போகலாம்
என்று ஓரத்தில் அச்சிட்டிருக்கும்.
எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய சிவப்பு அம்பு,
அடியில் ஒரு வரி: கண்ணால் பார்க்கவும்.
இத்தனை விலை போட்டு வாங்கிய மெஷினும்
கடைசியில் கேட்பது
தூக்கம் கெட்ட ஒரு ஜோடிக் கண்ணைத்தான்.

இன்டர்ன் ஷம்ஸா ஓடி வந்தாள்.
வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்.
லுக்கீமியாவா?
அரபியில் கேட்டாள், ஆங்கிலத்தில் கேட்டாள்,
பிறகு புருவத்தால்.
இரும்மா, என்றேன் தமிழில்.
இருந்தாள்.

ஒரு துளி. இன்னொரு ஸ்லைடின் விளிம்பால்
ஒரே இழுப்பு. காயட்டும்.
வெள்ளையணு வெள்ளையில்லை,
சாயம் குடித்தால் கத்தரிப்பூ நிறம்.

கட்டையைத் தட்டி எண்ணத் தொடங்கினேன்.
டக், நியூட்ரோஃபில். டக். டக்.
லிம்போசைட்டுக்குப் பக்கத்துக் கட்டை.
நூறாவது செல்லுக்கு மணி அடிக்கும்.
முதிர்ந்த நியூட்ரோஃபிலின் கரு
மூன்று நாலு மணியாகக் கோத்திருக்கும்.
இளசுக்கு இன்னும் முடிச்சு விழாது,
வளைந்த கயிறு மாதிரி கிடக்கும்.
பேண்ட் என்று பெயர்.
படத்தில் இளசை இடப்பக்கம் வரைவார்கள்,
அது பெருகினால் லெஃப்ட் ஷிஃப்ட்.
டிப்ளமா பரீட்சையில் இரண்டு மார்க்.

அதில் எழுதாதது:
எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது,
மஜ்ஜையில் ஆள் தட்டுப்பாடு,
வேலை பழகாததை, பருவம் வராததை
வாசல் வரை தள்ளிவிட்டுக்
கதவைச் சாத்திக்கொள்கிறது உடம்பு.

மணி அடித்தது. முப்பத்தொரு பேண்ட்.
பிளாஸ்ட் இருக்கிறதா?
ஸ்லைடின் வால் முனைவரை போய்ப் பார்த்தேன்.
இல்லை. திரும்பவும் போனேன்.
இல்லை.
லுக்கீமியா மாதிரி தெரியலை, ஷம்ஸா.
எங்கேயோ சீழ் கட்டியிருக்கு. தேடு.

இடது கால். காலுறையைக் கழற்றவிடாமல்
ஒன்பது நாள் நடந்திருக்கிறான்,
சென்ட்ரிங் பலகையின் ஆணியை மிதித்த காலோடு.
மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.
லேபிளில் இருபத்திரண்டு.
கட்டிலில் கிடந்தது
பத்தொன்பதைத் தாண்டாத முகம்.

"அக்கா, இது மெடிக்கல் ரத்தமா?"
விசாவுக்கு எடுப்பார்களே, அதைக் கேட்கிறான்.
"அன்ஃபிட் போட்டா அனுப்பிடுவாங்கல்ல?
ரெசிடென்ட் கார்டு இன்னும் வரலை."
ரெசிடென்ட் என்ற சொல் மட்டும் காதில் விழுந்து
ஷம்ஸா நிமிர்ந்தாள்.
அடுத்த வருஷம் அவளும் ரெசிடென்ட் ஆகவேண்டும்,
நாலு வருஷம் தூக்கத்தை எழுதிக்கொடுத்து.
இவனுக்கு அது ஒரு அட்டை.
எனக்குப் பதினோரு வருஷமாய்
தேதி தீரும்போதெல்லாம் வரிசையில் நின்று
புதுப்பிக்கும் பிளாஸ்டிக்.

"இது காய்ச்சல் ரத்தம்ப்பா" என்றேன்.
"இதுக்கு யாரும் டிக்கெட் போடமாட்டாங்க."
சொல்லிவிட்டேனே தவிர
அவன் கம்பெனியை எனக்குத் தெரியாது.

சீழை எடுத்தார்கள். டிரிப்ஸ் ஏறியது.
நாலாம் நாள் அதே லேபிள், அதே ஊதா மூடி:
பதினோராயிரத்து இருநூறு.
அம்பு இருந்தது. சின்ன அம்பு.
ஷிஃப்ட் முடிந்து போகிற வழியில்
வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.
"எண்ணிக்கை நல்லாக் குறைஞ்சிருக்கு."

சம்பளத்தைத் தவிர வேறெதையும்
எண்ணிப் பழகாதவன்
சட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.
"குறைஞ்சா நல்லதாக்கா?"

"ஆமா. இது ஒண்ணு மட்டும்."