நீல மூடி, மஞ்சள் மூடி

வால்திவியாவில் ஜூன் என்றால் மழைதான்.
ஆய்வகத் தகரக்கூரையில் அது கொட்டுவது
எலிகளுக்குக் கேட்குமா, தெரியவில்லை.
மழையையே பார்த்திராத எலிகள்.

முதல் நாள் மயக்கம் கொடுத்து, முதுகு மழித்து,
சட்டைப் பொத்தான் அளவுக்குத்
தோலை வட்டமாக எடுத்தார் டாக்டர் ஓயார்சூன்.
கை நடுங்காது அவருக்கு.
இருபத்துநான்கு முதுகுகள்.
ஒரு ஜாடியில் மத்திகோ இலையிலிருந்து பிரித்த பொடி
(வெர்பாஸ்கோசைடு, நாக்கு சுளுக்கும் பெயர்),
களிம்பில் குழைத்தது.
இன்னொன்றில் வெறும் களிம்பு.
நிறமும் வாசமும் ஒன்றே.
எது எதுவென்று எனக்குச் சொல்லமாட்டார்கள்;
நான் பூசுகிறவள்.

மத்திகோவை எனக்குத் தெரியும்.
எங்கள் வேலியே அதுதான்.
ஆரஞ்சு உருண்டைகளாகப் பூக்கும்.
ஆற்றங்கரை மீன்சந்தையில் கத்தி பட்டவர்கள்
இலையைக் கசக்கி வைத்துக் கட்டிக்கொண்டு
அடுத்த மீனை அறுப்பார்கள்.
யாரும் அளந்து பார்த்ததில்லை.

நான் அளக்கிறேன்.
கண்ணாடித்தாளைக் காயத்தின்மேல் விரித்து
விளிம்பை வரைகிறேன்.
மூன்றாம் நாள் எல்லாம் சிவப்பு, தொட்டால் சூடு.
ஏழாம் நாள்
நீல மூடிக்காரர்களுக்கு வீக்கம் வடிந்துவிட்டது,
மஞ்சள் மூடிக்காரர்களுக்கு இன்னும் கொதிப்பு.
தெரியக்கூடாதது தெரிந்துவிட்டது.
நோட்டில் எழுதவில்லை.

அந்த வாரம்தான்
விறகடுப்பின் இரும்புக் கதவு என் மணிக்கட்டில் பட்டது.
இரவு நீல ஜாடியைத் திறந்தேன்.
ஒரு விரல்நுனி போதும்.
காலையில் எடை பார்ப்பார்கள்.
மூடிவிட்டேன்.
வீட்டுக்குப் போய், டார்ச் வெளிச்சத்தில்,
நனைந்த வேலியில் நான்கு இலை பறித்தேன்.

பதினான்காம் நாள்.
நீலத்தில் வரைவதற்கு விளிம்பே இல்லை.
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதினேன்.
சந்தோஷமாகத்தான் எழுதினேன்.

மேலே ஆறியது உள்ளேயும் ஆறியதா என்று
தோலைச் சீவிச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும்.
அதற்காகத்தான் மூலையில்
அந்தக் கரியமிலவாயுப் பெட்டி.

பதினேழாம் எண் மஞ்சள்.
எந்த மருந்தும் இல்லாமல்
தன்பாட்டுக்கு,
ஒரு நாளைக்கு ஒரு மயிரிழையாக
மூடிக்கொண்டு வந்தது.
இன்னும் நான்கு நாள் இருந்தால் முடித்திருக்கும்.
அதையும் அதே பெட்டிக்குத்தான் தூக்கிப்போனேன்.
உள்ளங்கையில் சூடாக இருந்தது;
காயத்தின் சூடல்ல.

"அழகு" என்றார் ஓயார்சூன்,
நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
பொய்யில்லை, நானும் பார்த்தேன்:
நெருக்கமாக, வரிசையாக,
புதிதாய் நெய்த இழைகள்.

கையுறை கழற்றினேன்.
மணிக்கட்டில் இளஞ்சிவப்பாக ஒரு காசளவு தோல்.
யாரும் கேட்கவில்லை.
சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு
பேருந்துக்காக மழையில் நின்றேன்.