நான்காம் நாற்காலியின் அபிப்பிராயம்

செவ்வாய், வியாழன், சனி.
மோன்டெவிடியோவில், பாசோ மொலினோ மருத்துவமனை
இரண்டாம் மாடி.
ஆறு நாற்காலி, ஆறு இயந்திரம்,
சுவரில் ஒரே ஒரு டிவி.
ரத்தம் வெளியே போய்க் கழுவிக்கொண்டு திரும்ப
நாலு மணி நேரம் ஆகும்.
அதுவரை எங்கள் வேலை
அபிப்பிராயம் சொல்வது.

துருக்கித் தொடர், முந்நூற்றுப் பன்னிரண்டாம் பகுதி.
கதாநாயகன் படகிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறான்,
போன வியாழனிலிருந்து.
"இவனுக்கு ஸ்பானிஷில் குரல் கொடுக்கிறவன்
ஷாம்பூ விளம்பரத்திலும் இப்படித்தான் அழுகிறான்"
என்கிறாள் வல்கிரியா.
முப்பது வருடம் பல் டாக்டரிடம் வேலை பார்த்தவள்,
உதடும் சொல்லும் ஒட்டாவிட்டால்
அவளுக்குத் தெரிந்துவிடும்.

மில்டனுக்குத் தொடர் பிடிக்காது.
நிறுத்தவும் விடமாட்டான்.
"மாமியார் ஒருத்திதான் நடிக்கிறாள்,
மற்றவர்கள் முகம் காட்டுகிறார்கள்."
இதைச் சொன்னது கண்ணை மூடிக்கொண்டு.

சமையல் போட்டி வந்தால் அறை அடங்கிவிடும்.
தக்காளி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம்:
டாக்டர் அடித்துவிட்ட பட்டியல்
அப்படியே மேஜையேறி வருகிறது.
நடுவர் ஒரு கரண்டி ருசித்துவிட்டு
உப்பு போதாது என்றார்.
"போதாதா! இங்கே வந்து உட்காருடா"
என்று கத்தினாள் வல்கிரியா.
போன மாதம் பரிசு வாங்கிய படமும் அப்படித்தான்.
சுரைக்குடுவையில் மாத்தே ஊற்றி
நாயகி நிதானமாக உறிஞ்சினாள்.
ஆறு பேரும் குடுவையையே பார்த்ததில்
கொலை செய்தது யாரென்று
இன்றுவரை தெரியாது.

ஐந்தாம் நாற்காலி மாய்கோல்.
இருபத்து மூன்று வயது, காதில் எப்போதும் பாட்டு.
"அது குரலா? ஃப்ரிட்ஜ் உறுமுகிறது" என்றான் மில்டன்.
"உங்கள் டாங்கோவில் மட்டும் என்ன வாழ்கிறது?
எல்லோரையும் ஒருத்தி ஏமாற்றிவிட்டாள்.
நூறு வருடமாக
அதே ஒருத்தி."
நான் சிரித்த சிரிப்பில் இயந்திரம் கீச்சிட்டது,
நர்ஸ் ஜிமெனா ஓடி வந்தாள்.

ஒருநாள் ஒரு காதுப்பொறியை என்னிடம் நீட்டினான்.
கேட்டேன்.
பாதி மனிதன், பாதி மெஷின்.
இதுவும் ஒரு பாட்டா என்று சொல்ல வாயெடுத்தேன்,
என் கையிலிருந்து இயந்திரத்துக்கு ஓடும்
இரண்டு சிவப்புக் குழாய்களைப் பார்த்தேன்,
வாயை மூடிக்கொண்டேன்.
(பாட்டு சுமார்தான். அது வேறு விஷயம்.)

சனிக்கிழமை தொடரின் கடைசிப் பகுதி.
நாயகி இருவரையும் விட்டுவிட்டு
தனியாகப் படகேறுவாள் என்று
மாய்கோல் இருநூறு பெசோ பந்தயம்.

வியாழனன்று ஐந்தாம் நாற்காலி காலி.
யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
டிவியின் சத்தத்தை வல்கிரியா கூட்டினாள்.
"என்ன முகம் இது எல்லாருக்கும்?" என்றாள் ஜிமெனா.
"சிறுநீரகம் கிடைத்துவிட்டது அவனுக்கு.
நள்ளிரவில் போன் வந்ததாம்,
செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறான்."
ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள்.
எங்களுக்கு இன்னொரு கையில் ஊசி.
நாற்காலிப் பிடியில் அடித்தோம்,
ஐந்து கை,
மேல்மாடியிலிருந்து ஆள் வரும்வரை.

சனியன்று அவள் முதலாமவனையே கட்டிக்கொண்டாள்.
முந்நூற்றுச் சொச்சம் பகுதி, இதற்குத்தானா!
படகு கரையிலேயே ஆடிக்கொண்டிருந்தது.
என்ன நினைக்கிறாய் என்று
மாய்கோலுக்குக் குரல்செய்தி அனுப்பினோம்.
மூன்று நாள் கழித்துப் பதில்:
"இன்னும் பார்க்கலை. தயவுசெய்து சொல்லிடாதீங்க.
நேரமே இல்லை.
தினம் ரெண்டு லிட்டர் தண்ணி
குடிக்கச் சொல்றாங்க."

வல்கிரியா அதை மூன்று முறை போட்டுக் கேட்டாள்.
பின்னணியில், சின்னதாக, அந்த ஃப்ரிட்ஜ் பாட்டு.

இப்போது புதுத் தொடர், கொரியாவிலிருந்து.
முதல் காட்சியிலேயே எவனோ ஒருவன்
ஒரு முழுத் தம்ளர் தண்ணீரை
அண்ணாந்து குடிக்கிறான்.
"நடிகன்டா இவன்" என்றான் மில்டன்,
கண்ணைத் திறந்து.